கத்திரி வெயிலில் நாய்க்கு ஐஸ்: ஒரு வேலூர் வீட்டுப் பக்குவம்

சித்திரை பிறந்ததுமே எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு தட்டு நாய்களுக்கு என்று ஒதுங்கிவிடும். மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கி மாதக் கடைசி வரை வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். நாமாவது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடிப்போம். நாய் என்ன செய்யும்? தண்ணீர்த்தொட்டி ஓரத்து ஈரத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு இரைக்கும்.

வீட்டுக்குள் இருப்பது இரண்டு பேர். ராமு லாப்ரடார், 34 கிலோ, எதைப் போட்டாலும் மென்று பார்க்காமல் விழுங்குகிற ஜாதி. சிட்டு பக், 8 கிலோ. பழைய ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடியதே, அந்தச் சப்பை மூக்கு நாய். விளம்பரத்தைப் பார்த்து ஊரெல்லாம் வாங்கினார்கள். இந்த வெயிலுக்கு அந்த மூக்கு ஆகாது என்று விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் கருப்பி தெருவுக்கே சொந்தம். மூன்று பேருக்கும் ஐஸ்தான், சரக்கும் கொடுக்கிற விதமும்தான் வேறே.

முதலில் எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது வாயிலும் மூச்சுப்பாதையிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி, சூட்டை இறக்குகிறது. ஆவியாக ஈரம் வேண்டும், ஈரத்துக்கு உள்ளே தண்ணீர் போக வேண்டும். ராமு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். சிட்டு நாளெல்லாம் இரைத்துவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்து நகர்ந்துவிடுவாள். அவளுக்குள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் இந்த ஐஸ். குளிர்ச்சி உபரி லாபம். அதனால் நான் செய்கிற எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். கெட்டித் தயிரையும் வாழைப்பழத்தையும் அப்படியே உறைய வைத்தால் அது இன்னொரு சாப்பாடாகிவிடும்.

எதிர்வீட்டுப் பெண் முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னக்கா, நாய்க்கு ஐஸ் வெச்சா சளி பிடிக்காதா? வயிறு உப்பி செத்துடும்னு வேற வாட்ஸ்அப்ல வந்துச்சே" என்றாள். அந்த வாட்ஸ்அப் செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும். ஐஸால் சளி பிடிக்காது. வயிறு உப்பி முறுக்கிக்கொள்கிற நோய் நிஜமாகவே இருக்கிறது, உயிருக்கே ஆபத்தானது. ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். நம் ராஜபாளையத்துக்கும் நெஞ்சு அதே வாகுதான். ஆனால் அதற்கு ஐஸைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடி ஆடிவிட்டு வந்து ஒரே மூச்சில் அவசர அவசரமாக விழுங்குவதுதான் பயப்பட வேண்டிய விஷயம். நக்கி நக்கிச் சாப்பிடும்படி கொடுத்தால் அந்த அவசரத்துக்கே இடமில்லை.

அச்சு

இதற்கென்று எதையும் வாங்க வேண்டாம். ஓட்டையில்லாத இட்லித்தட்டு இருந்தால் போதும், மினி இட்லித்தட்டு இன்னும் நல்லது. ஒரு மினி இட்லி அளவு சின்ன நாய்க்கு ஒரு வேளைக்குச் சரி. ராமுவுக்குத் தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கப், 100 மில்லி பிடிக்கிறது. கழுவிக் காயவைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். சின்ன ஐஸ் ட்ரேயில் ஊற்றி ராமு மாதிரி நாய்க்குக் கொடுக்கவே கூடாது, அந்தக் கட்டி முழுசாகத் தொண்டைக்குள் போய்விடும். பெரிய நாய்க்கு வாயில் அடங்காத அளவு, சின்ன நாய்க்கு நக்கத் தோதான அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சப்பை மூக்கு நாய்க்குக் கட்டியே தோதுப்படாது. கட்டியைச் சிட்டு முன்னால் வைத்தால் மூக்கால் தள்ளிக்கொண்டே சமையலறை முழுக்கப் போவாள், வாயில் பிடிக்க வராது. அவளுக்குத் தட்டுதான். மேடுபள்ளமாக அச்சுப் போட்ட சிலிக்கான் விரிப்பு கடையில் கிடைக்கிறது. இல்லையென்றால் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் அரை விரல் உயரத்துக்கு ஊற்றி உறைய வையுங்கள். உள்ளே குழி உள்ள கெட்டி ரப்பர் பொம்மை இருந்தால், சின்ன ஓட்டையை வேர்க்கடலை விழுதால் அடைத்து, பெரிய ஓட்டை வழியாக ஊற்றி, டம்ளரில் நிற்க வைத்து உறைய விடலாம். கடித்துக் குதறுகிற நாய்களுக்கு அது நல்ல வேலை கொடுக்கும்.

எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைக்கலாம், ஆனால் அதிலேயே கொடுக்கக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உலோகத்தில் ஈர நாக்கு ஒட்டிக்கொள்ளும், பயந்து இழுத்தால் தோல் உரியும். கிண்ணத்தின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிஷம் காட்டினால் கட்டி கழன்று வந்துவிடும்.

மோர் ஐஸ்

அடிக்கடி செய்வது இதுதான். வீட்டில் தோய்த்த தயிரோ ஆவின் தயிரோ ஒரு கப், புளிக்காததாக இருக்க வேண்டும். இரண்டு கப் தண்ணீர் விட்டுக் கடைந்து, விதை நீக்கித் துருவிய வெள்ளரிக்காய் ஒரு கைப்பிடி போட்டு அச்சில் ஊற்ற வேண்டியதுதான். உப்பு, பெருங்காயம், பச்சை மிளகாய், தாளிப்பு எதுவும் கிடையாது. இங்கேதான் கை தவறும். மோர் கடைந்தால் உப்பு போடுவது கைக்கே பழகிப்போனது. நாய்க்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அதற்கப்புறம் நமக்குக் கரைப்பதுதான் வழி.

பால் வேண்டாமா என்று கேட்பார்கள். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தயிராகும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தயிர்ப் பூச்சியே தின்றுவிடுகிறது, மோராக நீர்த்தால் இன்னும் குறையும். அப்படியும் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் ஒரு ஸ்பூன் மோர் கொடுத்து, மறுநாள் மலம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கோழிச்சாறு ஐஸ்

ராமுவுக்கு இதுதான் உயிர். கறிக்கடையில் "நாய்க்கு" என்று சொன்னாலே கழுத்தும் காலுமாகப் போட்டுத் தருவார்கள். அரைக் கிலோ வாங்கி, காலில் இருக்கும் மேல் தோலையும் நகத்தையும் கடைக்காரரையே வெட்டித்தரச் சொல்லுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்து விசில், பிறகு சிம்மில் இருபது நிமிஷம். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா இல்லை. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டால் தப்பில்லை, போடாவிட்டாலும் நாய் ஒன்றும் கேட்காது.

ஆறியதும் வடிகட்டிப் பாத்திரத்தோடு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். காலையில் மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஆடை கட்டியிருக்கும், கீழே சாறு ஜெல்லி மாதிரி ஆடும். ஆடையை ஸ்பூனால் முழுக்க எடுத்துப் போட்டுவிடுங்கள். சோம்பல்பட்டு இதை விடக் கூடாது. கொழுப்பு அதிகமாக உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி வாந்தி பிடித்துக்கொள்ளும். ஜெல்லிக்குச் சம அளவு வெந்நீர் விட்டுக் கரைத்து, எலும்பில்லாமல் பிய்த்த கழுத்துக்கறியை ஒவ்வொரு கப்பிலும் ஒரு சிட்டிகை போட்டு, சாற்றை ஊற்றி, ஆறியதும் ஃப்ரீசருக்கு. காலிலிருந்து இறங்கிய அந்தப் பசை இருப்பதால் கட்டி கல்லாக இறுகாது, கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும். பல்லுக்கு அது நல்லது.

வெந்த எலும்பை எந்த நாய்க்கும் போடாதீர்கள். வெந்தால் சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கேட்டுக்கு வெளியே வீசினால் கருப்பிதான் தின்பாள். அதனால் கட்டி மூடி, குப்பை வண்டி வரும்போது கையில் கொடுப்பதே என் வழக்கம்.

பழங்கள்

திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி ரோட்டோரம் குவிந்திருக்கிற காலம் இது. வெட்டி வைத்த துண்டு வேண்டாம், முழுப்பழமாக வாங்குங்கள். தோலையும், தோலை ஒட்டிய வெள்ளைப் பகுதியையும், விதையையும் நீக்கிவிட்டுக் கையாலேயே மசித்தால் போதும், மிக்ஸியில் போட்டால் விட்டுப்போன விதையும் அரைந்துவிடும். சர்க்கரையே தேவையில்லை. அதிலேயே தண்ணீர் அதிகம் என்பதால் வேறு தண்ணீரும் சேர்ப்பதில்லை. தட்டில் ஊற்றி உறைய வைத்தால் சிட்டு கால் மணி நேரத்துக்கு மேல் தலையைத் தூக்க மாட்டாள். கிர்ணிப்பழமும் இதே பக்குவம்தான். பப்பாளியும் கொடுக்கலாம், விதை இல்லாமல்.

மாம்பழம் கேட்காதவர்களே இல்லை. சதை மட்டும், அதுவும் ஒரு கப் மோருக்கு இரண்டு ஸ்பூன். பங்கனப்பள்ளியில் இருக்கிற சர்க்கரை சும்மாவா? கொட்டையை மட்டும் நாய் கண்ணில் காட்டாதீர்கள். லாப்ரடார் முழுங்கிவிடும், குடலில் சிக்கினால் ஆபரேஷன்தான். மாம்பழம் சாப்பிடும் நாட்களில் குப்பைக்கூடையை மேலே தூக்கி வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

திராட்சை ஒன்றுகூட வேண்டாம், உலர்ந்ததும் வேண்டாம். சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், எந்த நாய்க்கு எத்தனை தின்றால் கெடும் என்று கணக்குச் சொல்ல முடியாது. வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாக்லேட் கூடாது என்று இப்போது குழந்தைகளுக்கே தெரிந்திருக்கிறது. பலருக்குத் தெரியாதது சைலிட்டால். 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட இனிப்பு, சூயிங்கம், சில பீநட் பட்டர் டப்பாக்களில் இனிப்புக்காகச் சேர்ப்பார்கள். நாய்க்கு உள்ளே போனால் சட்டென்று ரத்தச் சர்க்கரை விழும், கல்லீரலும் பாதிக்கப்படும். சர்க்கரை நோய்க்காரர் இருக்கும் வீட்டில் "சர்க்கரை இல்லாததுதானே" என்று எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். வேர்க்கடலை விழுது வேண்டுமென்றால் வறுத்துத் தோல் நீக்கிய கடலையை உப்பில்லாமல் மிக்ஸியில் சுற்றுங்கள், இரண்டு நிமிஷ வேலை. கடை ஐஸ்கிரீமும் குல்ஃபியும் வேண்டாம். சர்க்கரை, பால், கொழுப்பு மூன்றும் அதில் இருக்கிறது, குல்ஃபியில் முந்திரி பாதாம் வேறு.

இளநீர் கொடுக்கலாமா என்றால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து எப்போதாவது. பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகம், இதயம் சரியில்லாத நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ள நாய்க்குப் பழ ஐஸே வேண்டாம், மோரும் கோழிச்சாறும் போதும்.

கேழ்வரகுக் கூழ்

கருப்பிக்கும் அவள் கூட்டத்துக்கும் இது. ஐஸ் மட்டும் அவர்களுக்குப் பத்தாது, வயிற்றுக்கும் ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். பச்சை வாசனை போய் பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிட்டு, ஒரு டம்ளர் மோர், மசித்த வேகவைத்த பரங்கிக்காய் இரண்டு கரண்டி சேர்த்துக் கலக்கினால் கூழ் தயார். உப்பும் வெங்காயமும் இல்லாத ஆடிக்கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசை மாவுப் பதத்தைவிடத் தண்ணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் பெரிய கட்டியாக உறைய வைத்து, மத்தியானம் ஒரு மண்சட்டித் தண்ணீரில் மிதக்க விடுவேன். தண்ணீரும் சில்லென்று இருக்கும், கூழ் கரையக் கரைய ஒவ்வொருத்தராக வந்து நக்கிவிட்டுப் போவார்கள். கூட்டமாக இருந்தால் இரண்டு சட்டி தள்ளித் தள்ளி வையுங்கள், ஒரே சட்டி என்றால் சண்டைதான். வண்டலூர் உயிரியல் பூங்காவில் கோடையில் கரடிகளுக்குப் பழம் போட்டு உறைய வைத்த ஐஸ் கட்டி கொடுப்பார்கள், அதைப் பார்த்துத்தான் பெரிய கட்டியாகச் செய்கிற யோசனை எனக்கு வந்தது.

கொடுக்கிற நேரம், கொடுக்கிற விதம்

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் கொடுக்கலாம், பதியாவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நகம் பதியாத எதுவும் நாயின் பல்லுக்கு ஆகாது, கடைவாய்ப் பல் பக்கவாட்டில் பிளந்துபோகும். எங்களுடையது பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், அவ்வளவாக இறுகாது. டபுள் டோர் வைத்திருப்பவர்கள் பத்து நிமிஷம்கூட வைக்க வேண்டியிருக்கும்.

காலை பதினொன்றுக்கும் மத்தியானம் மூன்றுக்கும் நடுவில் ஒரு தடவை, அவ்வளவே. ராமுவுக்கு ஒரு கப், சிட்டுக்குப் பாதித் தட்டு. இடையில் கொடுக்கிற தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள், அதில் இதுவும் அடக்கம். பழமோ கூழோ கொடுத்த நாளில் ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி குறைத்துவிடுவேன்.

இடம் முக்கியம். மொட்டைமாடி, வாசல் சிமென்ட் தரை, தார் ரோடு எல்லாம் அந்த நேரத்தில் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ண முடியவில்லை என்றால் அங்கே நாய் நிற்க வேண்டாம். நான் பாத்ரூம் வாசலில் கொடுக்கிறேன். முடிந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடலாம், எறும்பும் வராது. இரண்டு நாய் இருந்தால் இரண்டு இடம், நடுவில் ஒரு கதவு. ராமு தன்னுடையதை முடித்த வேகத்திலேயே சிட்டுவின் தட்டுக்குக் கிளம்பிவிடுவான். முடிக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

இந்த ஐஸ் சாதாரண வெயில் களைப்புக்கு மட்டும். வெப்பத்தாக்கு வந்த நாய்க்கு இது மருந்தில்லை. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101-இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் இருக்கும், 104-ஐத் தாண்டினால் ஆபத்து. நிற்காமல் இரைப்பது, எச்சில் கெட்டியாக ஒழுகுவது, ஈறு ரத்தச் சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது என்று கண்டால் வாயில் ஐஸைத் திணிக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கி வந்து, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, ஃபேனைப் போட்டுவிட்டு, டாக்டருக்கு போன் செய்துகொண்டே வண்டியை எடுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே அடைபட்டுவிடும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இது சட்டென்று வரும் என்பதால், சிட்டுவைக் காலை ஆறரைக்கு மேல் கேட்டைத் தாண்ட விடுவதில்லை.

மோர் ஐஸும் கூழும் ஒரு வாரம், கோழிச்சாறு மூன்று வாரம் வரை ஃப்ரீசரில் வைத்துக்கொள்வேன். கரண்டு போய் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்கக் கூடாது. கோழிச்சாறு என்றால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மோர் இன்னும் சில்லென்று இருந்தால் அப்போதே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிடலாம். டப்பா மேல் தேதியோடு 'நாய்' என்று எழுதி ஒட்டுங்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கும் காலம் அது. நாய்க்கு மலம் இளக்கமாகப் போனால் ஒரு நாள் ஐஸை நிறுத்திவிட்டு, குழைய வடித்த சோற்றில் உப்பில்லாமல் கொஞ்சம் பரங்கிக்காய் மசித்துக் கொடுங்கள். மறுநாளும் நிற்காவிட்டாலோ, சோர்ந்து படுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். வெளியே வைத்த மண்சட்டியைச் சாயங்காலமே கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வையுங்கள். தண்ணீர் தேங்கினால் கொசு முட்டை வைக்கும், அப்புறம் தெருவே நம்மோடு சண்டைக்கு வரும்.